கொலையாளி மாறாத புத்தகம்

அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களை வாசிப்புப் பலகையின் மின்திரையில் படித்தால், முடிவு ஆளுக்கு ஆள் மாறும். படிப்பவர் மனதுக்குள் யாரைக் கண்டு அஞ்சுகிறாரோ, அப்படிப்பட்ட ஒருவரையே அது கொலையாளியாக்கிவிடும். அதனாலேயே அவற்றுக்கு இன்னும் அத்தனை கிராக்கி.

மருந்துக்கடை நடத்தும் வேதவல்லிக்கு வரும் கொலையாளிகள் பெரும்பாலும் வக்கீல்கள்தான். அவள் கணவன் சந்தானம் மட்டும் தனக்கு யார் வந்தது என்று சொல்லவே மாட்டான். கேட்டால், "யாரோ ஒருத்தன், விடு" என்று பலகையை அணைத்துவிடுவான். கொஞ்ச நாளாக, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எழுந்து போனான். அவளுக்கு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய புத்தகக் கடையிலிருந்து காகிதத்தில் அச்சான நாவல் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இதுல எல்லாருக்கும் ஒரே கொலையாளிதாங்க. சேர்ந்து படிப்போம்."

சோபாவில் தோளோடு தோள் உரசப் படித்தார்கள். செத்துப்போன ஜமீன்தாரின் மனைவி மேல் சந்தேகம் திரும்பிய இடத்தில், பக்கத்தைப் புரட்ட சந்தானத்துக்குக் கை வரவில்லை. அவளே புரட்டினாள். கடைசியில் குடும்ப டாக்டர் மாட்டிக்கொண்டார். சந்தானம் நீளமாக மூச்சு விட்டான்.

"அப்பாடா! இதுலயாவது பொண்டாட்டி இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப மத்த கதையில எல்லாம்?" என்றாள் வேதவல்லி.

அவன் தரையைப் பார்த்தான். "எல்லாத்துலயும் அவதான், வேதா. எல்லாத்துலயும் விஷம்."

அன்றிலிருந்து அவனுடைய பிரஷர் மாத்திரையை அவள் எடுத்துக் கொடுப்பதில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.