பச்சைக் கண்ணாடி

"எங்களை என்ன குருடாக்கப் பாக்கறீங்களா?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் கண்ணாடி ஜாடி செய்யும் உலைக்கூடமே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த புது மூக்குக் கண்ணாடியைப் பெஞ்சின் மேல் விட்டெறிந்தார்.

புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி அசரவில்லை. தொழிலாளர்களின் கறுப்புக் கண்ணாடிகளைக் காலையிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டாள். பதிலுக்கு, போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும் வெளிர்பச்சைக் கண்ணாடிகள். இதைப் போடாமல் யாரும் உலைப் பக்கம் போகக் கூடாது என்பது அவள் உத்தரவு.

"இருபத்தாறு வருஷமா கறுப்பு மாட்டிக்கிட்டுத்தான் ஜாடி ஊதறேன். நேத்து வந்தவங்க நீங்க. ஒரு நாளாவது உலை முன்னால நின்னிருக்கீங்களா?"

"நின்னதில்ல மாஸ்டர். நிக்கறவங்களையே கேட்டுடலாம். அந்த உயரமானவர், நீங்க வாங்க!"

மாஸ்டருக்கு அடுத்தபடியாக ஜாடி ஊதும் நெட்டையன் வந்தான். உலைக்கு எதிரே அவன் கையை நீட்டச் சொல்லி, நடுவில் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்தாள்.

"சுடுது மேடம்!"

பச்சையைப் பிடித்தாள்.

"அட, சூடே தெரியலையே!"

"பாத்தீங்களா? கறுப்பு வெளிச்சத்தைத்தான் நிறுத்துது. சூட்டை உள்ள விட்டுடுது. பச்சை அப்படியே தலைகீழ். கண்ணு கூசலைன்னு தைரியமா நெருப்புக்கிட்ட நிக்கறீங்க, கண்ணு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே இருக்கு. கடைசியில புரை விழும்." கையிலிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வீசினாள். "இத்தனை வருஷம் இதை உங்க தலையில கட்டினாங்களே, அவங்களை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

"கதை விடாதீங்க!" மாஸ்டர் எகிறினார். "சுத்தி எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சா வேலையில கவனம் சிதறும். ஜாடி கோணிக்கும். டேய், ஒருத்தனும் அதைத் தொடாதீங்க!"

அதற்குள் நெட்டையன் பச்சையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே! குழாய் முனையில இருக்கற குட்டிக் குமிழி கூடத் தெரியுதுண்ணே!"

ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். "உன் மூஞ்சி இவ்வளவு அசிங்கம்னு இன்னிக்குத்தான்டா தெரியுது" என்று ஒருவன் சொல்ல, கூடமே சிரித்தது.

"நன்றி கெட்ட பசங்களா! உங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" மாஸ்டர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்துக் கூடம் காலியானது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"காலையில புதுக் கண்ணாடி வந்த பெட்டியைப் பிரிச்சதுமே போட்டுப் பாத்துட்டேன். உங்க எல்லாருக்கும் முன்னாடி."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை?"

மாஸ்டர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"கறுப்பு போட்டிருந்த வரைக்கும் எல்லாருக்கும் இருட்டு மேடம். இதுல எனக்கு மட்டும்தான் இருட்டு."