பி பிளாக் பசங்களுக்கு மட்டும்

“இன்னா மகி, ஒரு மணி நேரத்துக்குத்தானே காசு குடுத்தேன்? பாதியிலயே நெட்டு கட்டாவுது! இந்த வாரம் முழுக்க இதே ரோதனையா கீது!”

செங்குட்டுவன் போட்ட சத்தத்தில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டே திரும்பிப் பார்த்தது. பிரவுசிங் சென்டர் நடத்தும் மகிழினி மட்டும் அசரவில்லை.

“மிச்ச நேரம் எங்கயும் ஓடிப் போவல. அப்பாலிக்கா வந்து உக்காரு.”

“எனக்கு இப்பவே வோணும். அதோ, சி பிளாக் மதி ஜாலியா சாட் பண்ணிகினு கீறான். அவனுக்குக் கட்டாவல. எங்க பி பிளாக் பசங்களுக்கு மட்டும் கட்டாவுது. இன்னா ஓரவஞ்சனை இது?”

“யாருக்கு எத்தினி மணிக்குக் கட்டாவணும்னு சர்வர்ல நான்தான் ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிகீறேன்.”

“தெரிஞ்சேதான் பண்றியா? நீ இன்னா கலெக்டரா?”

“உங்க பிளாக்குக்குத் தண்ணி லாரி காலையில வருது. சி பிளாக்குக்கு சாயங்காலம். மதிக்கு அப்போ கட்டாவும்.”

“லாரிக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னா சம்பந்தம்?”

மகிழினிக்குக் கோபம் வந்துவிட்டது.

“போன வாரம் உங்கம்மா குடத்தோட மாடிப்படியில வுழுந்தாங்க. நீ இங்க குந்திகினு சாட் பண்ணிகினு இருந்த. நான்தான் ஓடிப்போய்த் தூக்குனேன். அன்னிக்கு எழுதுனேன் அந்த ஸ்கிரிப்ட்ட.”

“வுழுந்துச்சா? கட்டில்ல இடிச்சிக்கினேன்னுதானே சொல்லுச்சு!”

வெளியே ஹாரன் சத்தம். குழாயில் காற்றுகூட வராத பஞ்ச வருஷம் அது. லாரியை விட்டால் தண்ணீர் கிடையாது.

காலிக் குடங்களோடு நொண்டிக்கொண்டே வந்தாள் அவன் அம்மா பூவம்மா. மகனைப் பார்த்ததும் அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“பாத்தியா மகி! லாரி வர்ற நேரமாச்சுன்னா எம் புள்ள கம்ப்யூட்டர வுட்டுட்டு வெளிய வந்து நிக்குது. ஒரு வாரமா என்னை ஒரு கொடம் தூக்க வுடல. பிளாக்கு முழுக்கச் சொல்லிகினு கீறேன், எனக்கு ஒரு கொறையும் இல்லேன்னு.”

“எனக்குத் தெரியாதா அத்த? அவன் எப்பவும் அப்படித்தான்” என்றாள் மகிழினி.

செங்குட்டுவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குடங்களை வாங்கிக்கொண்டான். அம்மா முன்னால் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னான்.

“மகி, எம் பேருக்குப் போட்டிருக்கற ஸ்கிரிப்ட்ட எடுத்துடு.”

“ஏன், இன்னும் சாட் பண்ணணுமா?”

“இல்ல. நாளைக்காச்சும் நானா எந்திரிச்சி வர்றேன்.”