வரப்போரப் பச்சை

"என் தம்பிதான் சித்தப்பா திருடன். வயல்ல போட்ட உரத்தையே திருடுறவனை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

கூடத்தில் இருந்த பெரிய டி.வி.யைத் துடைத்துக்கொண்டே சொன்னார் சாட்டிலைட்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. எதைக் கேட்டாலும் "சாட்டிலைட்ல பார்த்துட்டேன்" என்று செல்போனைத் தூக்கிக் காட்டுவதால் அக்கம்பக்கம் வைத்த பேர் இது. அவருக்கு இதில் பெருமைதான்.

சித்தப்பா நாற்காலியில் நெளிந்தார். எதிர் சோபாவின் நுனியில், வயலிலிருந்து நேராக வந்த தம்பி உட்கார்ந்திருந்தான்.

"உரத்தை எப்படிடா திருடுவான்?"

"ராத்திரியில நடு வரப்பை வெட்டி விட்டா, என் வயல்ல கரைஞ்ச உரமெல்லாம் தண்ணியோட அவன் வயலுக்குப் போயிடுமே! ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு, ஒரே மக்காச்சோளம். என்னுது மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிக்குது. இவனுது மட்டும் எப்படிக் கருகருன்னு நிக்கும்?"

"அவனையே கேட்டியா?"

"கேட்டா, சாணி உரம் போடுறேங்கிறான். சாணி! நான் ட்ரோன் விடுறேன், மண்ணுக்குள்ள சென்சார் புதைச்சிருக்கேன், எந்தச் செடிக்கு எந்தச் சத்து குறைஞ்சாலும் செல்லுல மணியடிக்குது. எனக்கு விளையாதது இவன் சாணிக்கு விளையுதாம்."

தம்பி வயலின் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. அதனாலேயே அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார்.

"வருஷா வருஷம் வரப்பைப் புதுசாப் போடுறதுகூட நான்தான் சித்தப்பா. இவன் ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சிருப்பானா? தம்பியாச்சே, கஷ்டப்பட வேண்டாமேன்னு நானே முன்னால நின்னு போடுறேன். அதுக்கு இவன் காட்டுற நன்றி இது!"

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கிறே?"

"இன்னிக்கு மண் டெஸ்ட் ரிப்போர்ட் வருது. திருட்டு ருசுவாயிட்டா, பொதுக் கிணத்துல இவன் முறைத் தண்ணி எனக்கு. நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்."

தண்ணீர் போனால் தம்பிக்கு வயலே போன மாதிரிதான். சித்தப்பா அவன் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமாடா?"

"அண்ணன் மெஷின் என்ன சொல்லுதோ, அதுக்குக் கட்டுப்படுறேன்" என்றான்.

வலிய வந்து மாட்டிக்கொண்டானே என்று சாட்டிலைட்டுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மண் பரிசோதனை நிறுவனத்திலிருந்து வந்த பெண், லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்தாள். திரையில் அவருடைய வயல் விரிந்தது. எங்கு பார்த்தாலும் மஞ்சள்.

"தழைச்சத்து குறைவு. துத்தநாகமும் குறைவு. மண்ணுல மக்கின சாணி, தழைன்னு எதுவுமே இல்ல சார்."

"குறையாம என்ன செய்யும்? அதான் திருடு போகுதே! வரப்போரத்தைக் காட்டும்மா. அங்கதான் சுத்தமா வழிச்சு எடுத்திருப்பான்."

அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள்.

பச்சை. சாட்டிலைட்டின் வயலுக்குள்ளேயே, வரப்பை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் பிடித்த மாதிரி ஒரு பச்சைப் பட்டை.

காபி கொண்டுவந்த அவர் மனைவி, திரையைப் பார்த்ததும் தட்டோடு சமையலறைக்கே திரும்பிவிட்டாள்.

சாட்டிலைட் ஒரு கணம் விழித்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். "பார்த்தீங்களா சித்தப்பா! என் உரமெல்லாம் ஓடி வந்து இங்க நிக்குது. வரப்பைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி!"

"உரம் ஓடி வந்தா இப்படி இருக்காது சார். இது பல வருஷம் சாணி தின்ன மண்ணு. 'பக்கத்து வயல்லயும் மண் எடு, என் உரம் அங்கதான் இருக்கும்'னு நீங்க பிடிவாதமாச் சொன்னீங்க இல்லையா? அதையும் எடுத்துப் பார்த்தோம். உங்க உரம் அங்க இல்ல. ஆனா அந்த வயல் மண்ணு இங்க இருக்கு. இந்தப் பட்டையும் அந்த வயலும் ஒரே மண்ணு."

அந்தப் பெண்ணுக்குத் தொழில் ஆர்வம். விடுவதாக இல்லை.

"இன்னொண்ணும் பாருங்க. வரப்பை ஒட்டிக் கரும்பச்சை. அதுக்கு உள்ள இளம்பச்சை. அதுக்கும் உள்ள வெளிறின பச்சை. வருஷத்துக்குக் கொஞ்சமா வந்து சேர்ந்த மாதிரி இருக்கு. உங்க கைக்கு வந்து நாளானது வெளிறிப் போச்சு. இப்ப வந்தது இன்னும் செழிப்பா இருக்கு. எப்படி சார் இது?"

சித்தப்பா மெல்லத் திரும்பினார். "வருஷா வருஷம் வரப்புப் போடுறது யாருன்னு சொன்னே?"

சாட்டிலைட் டி.வி.யைக் கை காட்டினார். "அது... மெஷின்ல ஏதோ கோளாறு. இதையெல்லாம் நம்ப முடியாது சித்தப்பா."

தம்பி சட்டையைப் பிடிக்க வருவான் என்று பயந்தார். வந்திருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு இரண்டு கத்து கத்தியிருக்கலாம்.

தம்பி எழுந்தான். திரையை ஒரு முறை பார்த்தான். புதிதாக எதையும் தெரிந்துகொண்டவன் முகமாக அது இல்லை.

"மெஷின் மேல பழி போடாதீங்கண்ணா, அது சரியாத்தான் சொல்லுது. வழக்கம்போல இந்தத் தடவையும் நீங்களே வரப்பைப் போடுங்க. அந்த ஓரத்துக்கு மட்டும் சாணியைக் கொஞ்சம் தாராளமாவே போட்டு வச்சிருக்கேன். எப்படியும் உங்க பக்கம் வர்ற மண்ணுதானே!"