நடந்துகொண்டே தின்ன ஏற்றது

இப்போதெல்லாம் எவனும் உட்கார்ந்து தின்பதில்லை. மாடுகூட ஓரிடத்தில் படுத்துத்தான் அசை போடுகிறது. மனிதன்தான் கையில் கோப்பையும் குச்சியுமாக நடந்துகொண்டே மெல்லுகிறான். பாதி வாயில், பாதி சட்டையில்.

பெரியவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மருமகள் அவர் கையில் ஒரு குச்சி ஐஸைத் திணித்தாள். காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை கூடினாலே டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போகிறவள் அவள்.

"இதுல சக்கரை இருக்கேம்மா?"

"இருக்கட்டும் மாமா. சாப்பிடுங்க."

அவரைப் பார்க்காமலேதான் சொன்னாள். அவள் கண் முன்னால் நடக்கும் புருஷனின் முதுகிலேயே இருந்தது.

இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது மகன்தான். நாற்பத்திரண்டு வயதாகிறது. ராட்டினம், படகு எதிலும் ஏறவில்லை. வாசலில் கொடுத்த வரைபடத்தை விரித்து, தின்பண்டக் கடைகளுக்கு மட்டும் பேனாவால் வட்டம் போட்டான்.

"அப்பா, இன்னிக்கு ஒரே வேலை. நடந்துக்கிட்டே திங்கறதுக்கு இங்க எது பெஸ்ட்டுன்னு கண்டுபிடிக்கணும். நீங்கதான் ஜட்ஜு."

"ஜட்ஜுக்கு ஆறு பல்லுதான் பாக்கி. பாத்து வாங்கு."

ஐஸ் தின்றதில் நாக்கு மரத்துவிட்டது. அடுத்து வந்த உருளை வறுவலும் வேகவைத்த சோளமும் அவருக்கு ஒன்றுபோலவே இருந்தன. சோளக் கோப்பையின் மேல் வெண்ணெய் என்று எழுதியிருந்தது. பெரியவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"வெண்ணெயாம் வெண்ணெய். மேல ஒட்டியிருக்கிற சீட்டு ஒண்ணு, உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணு. எவன் எதை ஒழுங்கா ஒட்டுறான் இந்தக் காலத்துல?"

"மார்க்கு சொல்லுங்கப்பா."

"மரக்கட்டைக்கு எத்தனை மார்க்கு போடுவே? அதையே போடு."

மகன் சிரித்தான். எதை வாங்கினாலும் அவன் இரண்டு வாய்தான். கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்று, மிச்சத்தை அப்பாவிடம் நீட்டிவிடுவான். காசின் அருமை தெரியாதவன் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். பஞ்சு மிட்டாய்க் கடையிலும் அதே கதைதான்.

ஆனால் அவர் மனசு தின்பண்டத்தில் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் மகன் அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான். ஒருவர் எடுத்தால் கூட வருபவருக்கு இலவசம் என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று மகனும் கையை நீட்டினான்.

ரத்தம் எடுத்தவன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே குப்பிகளில் பேர்ச் சீட்டு ஒட்டினான். "வேலையைப் பாத்துச் செய்யி" என்று பெரியவர் அங்கேயே அதட்டினார்.

அதற்குப் பிறகு மகன் நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டான். கேட்டால், "உங்களுக்கு எல்லாம் நார்மல்ப்பா" என்பதோடு சரி. நார்மல் என்றால் நாலு தடவை எதற்கு? வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் தழை தேடி வரும்.

ஐந்தாவது வட்டம் பாப்கார்ன் கடை. மகன் வரிசையில் போய் நின்று, பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டான். பெரியவரும் மருமகளும் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பக் கூடாது."

"கேளுங்க மாமா."

"டாக்டரு எத்தனை மாசம்னு சொல்லியிருக்கான்?"

அவள் கையிலிருந்த காலிக் கோப்பை நசுங்கியது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சக்கரைக்காரனுக்கு ஐஸு, பஞ்சு மிட்டாய்னு வாங்கி ஊட்டினா கணக்கு முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்? எழுபத்தாறு பாத்தாச்சு. ஊரைக் கூட்டி அழ மாட்டேன். என் ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்கான்? சொல்லு."

அவள் பாப்கார்ன் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இல்ல மாமா."

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இவருக்கு. திங்கக்கிழமை அட்மிட் ஆகணும். மருந்து ஏத்த ஆரம்பிச்சா நாக்குல ருசியே தெரியாதாம். அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு வாய் பாத்துடணும்னு சொன்னார். உங்களோட வந்து பாக்கணும்னு சொன்னார்."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அழுகை எல்லாம் வேறு நாட்களில் தீர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

கடையிலிருந்து மகன் பெரிய கோப்பை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"அப்பா! இது பாஸாயிடும் போலிருக்கு!"

பெரியவர் பஞ்சு மிட்டாய்க் குச்சியை பெஞ்சில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மகன் இருந்த பக்கம் திரும்பாமல் வெளி வாசலை நோக்கி நடந்தார்.

"மாமா, எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

நடந்துகொண்டே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டான்மா அந்தப் பய. அது என் ரத்தம்."