முப்பத்திரண்டு எழுத்துகள்

மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் டிசைன் திருடுபோன வழக்கு, 2004இல் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வந்தது. கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போலீஸ் கைப்பற்றிய அன்று அதிலுள்ள தகவலை வைத்துக் கணக்கிட்ட முப்பத்திரண்டு எழுத்துக் குறியீட்டை, இன்று வந்த குறியீட்டோடு நிபுணர் உப்பிலி ஒப்பிட்டார்.

"ஒரு எழுத்து மாறினாலும் டிஸ்க் செல்லாது. கேஸ் தள்ளுபடிதான்" என்று வக்கீல் ஹம்சினியிடம் கிசுகிசுத்தார்.

"முப்பத்திரண்டும் பொருந்துது. டிஸ்க்கை யாரும் மாத்தல" என்றார் உப்பிலி.

ஹம்சினி குலுங்கி அழுதாள்.

"இன்னாம்மா, திருடுனவன் மாட்டிகினான்னு சந்தோசமா?" என்றாள் வேறு வழக்குக்காக வந்து பக்கத்தில் இருந்தவள்.

"இல்லக்கா, கேஸே என் மேலதான். டிசைனை எடுத்த நேரம் அந்த டிஸ்க்குல பதிஞ்சிருக்கு. அப்போ நான் பிரசவ வார்டுல இருந்தேன்." ஹம்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தள்ளுபடி ஆயிருந்தா விட்டிருப்பாங்க. ஆனா திருடிங்கிற பேரு போயிருக்காது."