பாதி விலை ஊசி

நாலு காலிலும் மூட்டுவாதம் பிடித்த யானைக்கு மாதா மாதம் ஊசி போடுவது கொக்கு டாக்டர்தான். "அடுத்த ஊசியிலிருந்து புது மருந்துண்ணே. அதே வேலையைச் செய்யும், விலை பாதிதான்" என்று அது சொன்னதிலிருந்தே யானைக்கு மனசு சரியில்லை.

அடுத்த ஊசி போட்ட மறுநாளே நொண்டிக்கொண்டு வந்து நின்றது.

"பாதி விலைக்குப் பாதி வலிதான் போகும்போல டாக்டர். எழுந்திரிக்கவே உயிர் போகுது. பழைய ஊசியையே போட்டுடுங்க."

கொக்கு தலையைச் சொறிந்தது. "புது மருந்து இன்னும் வந்தே சேரலண்ணே. நேத்து போட்டது உங்க பழைய ஊசிதான். சொல்ல மறந்துட்டேன்."

யானை ஒரு காலை நீட்டிப் பார்த்தது, மடக்கிப் பார்த்தது.

"அதானே பார்த்தேன்! வரும்போதே வலி விட்டுப்போச்சு. என் உடம்புக்கு அந்த ஊசிதான் கேக்கும்."