ம் கொட்டியவள்

நாற்காலியைச் சற்றுச் சாய்த்துப் போட்டாள். டிஷ்யூ பெட்டியை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

எதிரே இருந்தவர் நாடக நடிகர். மனநல ஆலோசகர் பயிற்சியின் செய்முறைத் தேர்வுக்குக் கவலையோடு வந்து உட்காருவது அவர் வேலை. இன்று என்ன கவலை என்பது அவருக்கும் பேராசிரியருக்கும் மட்டுமே தெரியும்.

பேராசிரியர், அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தார். அவர் அங்கே இருப்பது தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. அவருடைய செருமல் அந்த ஏற்பாட்டை மதித்ததில்லை.

இந்த முறையும் கோட்டைவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போன இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ஒரே குற்றம். எதிராளி பேசும்போது "ம்" கொட்டினாள்.

பேராசிரியருக்கு "ம்" ஆகாது. 'நீங்கள் சொல்வதை நான் உள்வாங்கிக்கொள்கிறேன்' என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அவர் அப்படித்தானாம். அவர் மனைவி இப்போதெல்லாம் அவரிடம் அதிகம் பேசுவதில்லையாம்.

நடிகர் தூக்கமில்லை என்றார். உள்வாங்கிக்கொண்டாள். பசியில்லை என்றார். அதையும் உள்வாங்கிக்கொண்டாள்.

"ராத்திரி விளக்கை அணைச்சதுக்கப்புறம்தாம்மா..." என்று இழுத்தார்.

சின்ன வயதில், விளக்கை அணைத்த பிறகுதான் அவளுடைய அக்காவும் கதையை ஆரம்பிப்பாள். பக்கத்துப் பாயிலிருந்து குரல் மட்டும் வரும். ம் நின்றால் கதையும் நிற்கும், "தூங்கிட்டியாடி எருமை?" என்று ஓர் உதையும் விழும். உதைக்குப் பயந்தே கேட்கக் கற்றுக்கொண்டவள் இவள். அக்கா இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். போனில் இருவரும் முழு வாக்கியங்களில்தான் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள்.

"ம்," என்றது அவள் வாய்.

கண்ணாடிக்குப் பின்னால் செருமல்.

நடிகர் பேச்சை நிறுத்தினார். அதுவரை கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருந்த முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

மனைவியைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவள் முதுகிடம்தான் சொல்வாராம். அவள் பாத்திரம் தேய்த்தபடியே ம் கொட்டுவாளாம். பொய் சொன்னால் மட்டும் ம் வராதாம். அவள் போன பிறகு, தான் பேசுவதில் எது பொய் என்று தனக்கே பிடிபடவில்லையாம்.

அழவில்லை. டிஷ்யூ பெட்டி சும்மா கிடந்தது.

என்ன நடிப்பு என்று வியந்தாள். வியந்தபடியே ம், ம் என்று தேர்வைக் குழிதோண்டிப் புதைத்தாள்.

பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவளிடம் உதட்டைப் பிதுக்கிவிட்டு நடிகரிடம் பாய்ந்தார். "வேலை போன ஆளா நடிங்கன்னுதானே சொன்னேன்? நடுவுல செத்துப்போன பொண்டாட்டிய யாரு கொண்டு வரச் சொன்னது?"

பேராசிரியர் போய்க் கதவு சாத்தும்வரை நடிகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றார்.

பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள்.

"ம்."